தூர லென்ஸ் தோற்கும் மலை

வெளிநாட்டிலிருந்து மலையகத்துக்கு வரும் சொந்தக்காரர்கள் டிக்கெட் எடுத்த கையோடு ஒன்று கேட்பார்கள்: எந்தக் கமராவைக் கொண்டு வருவது, எத்தனை லென்ஸ்? டொரொன்டோவிலிருந்தும் கேட்கிறார்கள். தாத்தா பிறந்த லயத்தைத் தேடிக் கூடலூரிலிருந்தும் கோத்தகிரியிலிருந்தும் வருகிறவர்களும் கேட்கிறார்கள். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று எழுதியது. அப்படிக் கப்பலேறிய குடும்பத்தின் பேரப்பிள்ளைக்கு இந்தப் பயணம் பெரும்பாலும் ஒருமுறைதான் வாய்க்கும். அதனால் இந்தக் கேள்விக்குப் பொறுப்பாகப் பதில் சொல்ல விரும்புகிறேன்.

நீங்கள் எடுத்துவைத்திருக்கும் லென்ஸ்களில் அதிகப் பாரமானது அநேகமாக 70–200 மில்லிமீட்டர் தூர லென்ஸாக இருக்கும். பறவை பார்க்க வரவில்லை என்றால் அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கத்தில் அந்த லென்ஸைத் தோற்கடிப்பது மூடுபனி.

மூடுபனி நிலத்தைத் தொட்டு நிற்கும் மேகம். அதிலுள்ள நீர்த்துளிகள் பெரும்பாலும் சில மைக்ரோமீட்டரிலிருந்து இருபது மைக்ரோமீட்டர் வரை குறுக்களவு கொண்டவை. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமோ 0.4 முதல் 0.7 மைக்ரோமீட்டர்தான். அலைநீளத்தைவிடத் துளி பல மடங்கு பெரியது என்பதால் நீலம், பச்சை, சிவப்பு எல்லாவற்றையும் அது ஏறக்குறைய ஒரே அளவில் சிதறடிக்கிறது. பனி வெள்ளையாகத் தெரிவது அதனால்தான். வெயில் நாளில் எதிர்மலை நீலமாகத் தெரிவது வேறு கதை. அங்கே காற்றின் மூலக்கூறுகள் அலைநீளத்தைவிட மிகச் சிறியவை. நீலத்தை அதிகமாகச் சிதறடிக்கின்றன. அந்த நீலத் திரையை ஒரு வடிகட்டிக் கண்ணாடியால் ஓரளவு விலக்கலாம். வெள்ளைப் பனியை எந்த வடிகட்டியாலும் விலக்க முடியாது.

பனியில் தூரம் கூடக்கூடப் படத்தின் கான்ட்ராஸ்ட், அதாவது கருப்புக்கும் வெளுப்புக்கும் உள்ள வேறுபாடு, எப்படிச் சரிகிறது என்பதை 1924இல் ஜெர்மன் வானிலையாளர் ஹரால்ட் கோஷ்மீடர் கணக்காக்கினார். வேறுபாடு நூற்றுக்கு இரண்டாகக் குறையும் தூரமே நாம் சொல்லும் ‘கண் எட்டும் தூரம்’. ஐந்நூறு மீட்டர்வரை கண் எட்டுகிற ஒரு பனி நாளை எடுத்துக்கொள்வோம். நூறு மீட்டரில் நிற்கும் சவுக்கு மரத்தின் கான்ட்ராஸ்ட் ஏற்கெனவே 46 சதவீதம் ஆகிவிடுகிறது. இருநூறில் 21. நானூறில் 4. தூரம் இரட்டிக்கும்போது இழப்பு இரட்டிப்பதில்லை, பெருக்கலாகச் சரிகிறது.

இந்த இடத்தில் தூர லென்ஸ் செய்யக்கூடியது ஒன்றுதான்: நானூறு மீட்டருக்கு அப்பால் உள்ளதைப் பெரிதாக்கிக் காட்டும். நான்கு சதவீதம் நான்கு சதவீதமாகவே இருக்கும். பிறகு கணினியில் கான்ட்ராஸ்டை ஐந்து மடங்கு இழுத்தால் படத்தின் இரைச்சலும் ஐந்து மடங்கு கூடும். மலைக்குப் பதில் மணல் கிடைக்கும். பணம் கொடுத்து வாங்கிய கூர்மை முழுதும் இடையிலுள்ள காற்றில் கரைந்துபோகிறது.

கவனித்தால் இங்கே குற்றவாளி தூரம்தான், லென்ஸின் குவியத்தூரம் அல்ல. நுவரெலியா விக்டோரியா பூங்காவுக்குக் குளிர்காலத்தில் ஆறுமணிக்குருவியும் காஷ்மீர் ஈப்பிடிப்பானும் வருகின்றன. இருபது மீட்டரில் இருக்கும் பறவைக்கு அதே பனி 14 சதவீதத்தைத்தான் தின்னும். 400 மில்லிமீட்டர் லென்ஸ் அங்கே முழுப் பயன் தரும். காலமும் முக்கியம். தென்மேற்குப் பருவக்காற்று மே முதல் செப்டெம்பர் வரை மேற்குச் சரிவில் மோதுகிறது. வட்டவளைப் பக்கம் ஆண்டு மழை ஐயாயிரம் மில்லிமீட்டரை எட்டுவது அதனால்தான். அந்த மாதங்களில் மலைக்கு அப்பால் ஊவாவில் நல்ல வெயில். ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் தெளிவான காலம் ஜனவரி முதல் மார்ச் வரை, அதிலும் காலை. மத்தியானம் தாண்டினால் பள்ளத்தாக்கிலிருந்து ஏறும் ஈரக்காற்று குளிர்ந்து மறுபடி மேகமாகிவிடும். வரிவரியாக மலை அடுக்குகளை எடுக்க ஆசைப்படுபவர் பெப்ரவரி விடியலில் வாருங்கள். அப்போது தூர லென்ஸைக் கொண்டுவந்தாலும் நான் குறை சொல்லமாட்டேன்.

பனி சொல்லும் காரணம் இது. தூர லென்ஸை வேண்டாம் என்பதற்கு எனக்கு இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு.

ஒரு முகத்தில் மூக்கும் காதும் எந்த விகிதத்தில் தெரியும், முன்னால் நிற்பவருக்கும் பின்னால் இருக்கும் மலைக்கும் எவ்வளவு இடைவெளி தோன்றும் என்பதையெல்லாம் லென்ஸ் தீர்மானிப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அதைத் தீர்மானிப்பது நீங்கள் நிற்கும் தூரம். ஒரே இடத்தில் நின்று 35லும் 200லும் எடுத்து, முதல் படத்தின் நடுவை வெட்டிப் பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டு படத்திலும் பொருள்கள் அதே விகிதத்தில் இருக்கும். சட்டத்துக்குள் எவ்வளவு விழும் என்பதை மட்டுமே குவியத்தூரம் முடிவு செய்கிறது. ஆகவே லென்ஸைத் தேர்ந்தெடுப்பவர் உண்மையில் தாம் எங்கே நிற்கப்போகிறோம் என்பதைத் தேர்ந்தெடுக்கிறார். 200 மில்லிமீட்டரில் ஒருவரை முழு உருவமாக எடுக்கப் பத்து மீட்டருக்கு மேல் தள்ளி நிற்க வேண்டும். தலவாக்கலை வீதி ஓரத்தில் வானை நிறுத்தி, கீழே மலையில் கொழுந்து எடுக்கும் அக்காவை அவருக்குத் தெரியாமலே எடுத்துவிட்டுப் போகலாம். 35இல் அது நடக்காது. படங்கைச் சுற்றிக்கட்டி, மட்டக்கம்பும் கையுமாக நிற்பவரின் பக்கத்தில் போக வேண்டும், பேச வேண்டும். அவர் வேண்டாம் என்று சொல்ல இடம் இருக்கும்.

அவருடைய நாள் கிலோக் கணக்கில் ஓடுகிறது என்பதையும் சொல்லிவைக்கிறேன். கொழுந்து எடுக்கும் நேரத்தில் நிறுத்தி நிற்கவைத்தால் நிறை குறைந்து நட்டப்படுவது அவர்தான். மடுவத்தில் நிறுத்து முடித்த பிறகு, அல்லது தேத்தண்ணி குடிக்க உட்காரும்போது கேளுங்கள்.

இந்த மலைக்குக் கடல் கடந்து கமரா கொண்டுவந்தவர்களில் உலகப் புகழ் பெற்றவர் ஜூலியா மார்கரெட் கேமரன். 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர்; நாற்பத்தெட்டாவது வயதில் மகள் பரிசாகக் கொடுத்த கமராவால் படக்கலைக்குள் வந்தவர். அவர் கணவர் சார்ல்ஸ் ஹே கேமரன், 1833இன் கோல்புறூக்–கேமரன் சீர்திருத்தத்தில் இரண்டாவது பெயராக நாம் பள்ளிக்கூடத்தில் படித்தவர். இலங்கையில் கோப்பித் தோட்டங்கள் வாங்கியிருந்தார். 1875இல் இருவரும் இங்கிலாந்தின் வைட் தீவை விட்டு இங்கே குடிவந்தார்கள். சவப்பெட்டிகளையும் கூடவே கப்பலில் ஏற்றினார்கள் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1879 ஜனவரி 26ஆம் திகதி டிக்கோயாவில், ஊரார் வாயில் கிளங்கன் என்று வழங்கும் கிளென்கேர்ன் தோட்டத்தில் ஜூலியா இறந்தார். பொகவந்தலாவையில் சென் மேரிஸ் தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள்.

அவர் தூக்கிய பாரத்தைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். 1866 முதல் அவர் பயன்படுத்திய பெரிய கமராவின் கண்ணாடித் தகடு 15க்கு 12 அங்குலம். மூன்று மில்லிமீட்டர் கனம் என்று வைத்துக்கொண்டால் ஒரு தகடே முக்கால் கிலோவுக்கு மேல். எடுக்கும் முறை ஈரக் கொலோடியன்: தகட்டில் கொலோடியனை ஊற்றிப் பரப்பி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, காய்வதற்குள் படம் எடுத்து, காய்வதற்குள்ளேயே இருட்டறையில் கழுவ வேண்டும். மொத்தம் பத்துப் பதினைந்து நிமிடம். இருட்டறையும் இரசாயனமும் தண்ணீரும் கமரா போகும் இடமெல்லாம் கூடப் போக வேண்டும். அவர் இங்கே எடுத்தவற்றில் இன்று எஞ்சியவை முப்பதுக்குள்தான் என்பதில் வியப்பில்லை.

அவருக்கு முன்னால், 1857–58இல் மதுரை, தஞ்சாவூர்ப் பக்கம் சென்னை அரசாங்கத்துக்காகப் படமெடுத்த லினீயஸ் டிரைப் என்பவர் நான்கு மாட்டுவண்டியில் சாமான் ஏற்றிப் புறப்பட்டார். ஆனால் அவர் தேர்ந்தெடுத்தது மெழுகிட்ட காகித நெகட்டிவ். கண்ணாடியைவிட இலேசு, உடையாது, முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொள்ளலாம். கூர்மை சற்றுக் குறைவு. பயணத்துக்கு எதை விட்டுக்கொடுப்பது என்ற கணக்கை அவர் போட்டிருக்கிறார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதிக் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒட்டி, ஏறக்குறைய பத்தொன்பது அடி நீளப் படமாக்கியது அந்தக் காகிதத்தில்தான்.

கேமரனின் லென்ஸுக்கு வருகிறேன். டால்மேயர் நிறுவனம் செய்தது; குவியத்தூரம் 30 அங்குலம், அதாவது 762 மில்லிமீட்டர். எண்ணைக் கேட்டால் பறவைக்காரர் லென்ஸ் மாதிரி இருக்கிறது. ஆனால் குவியத்தூரத்துக்குத் தனியாகப் பொருள் இல்லை. படம் விழும் பரப்போடு சேர்த்தே பார்க்க வேண்டும். அந்தத் தகட்டின் மூலைவிட்டம் 488 மில்லிமீட்டர். இன்றைய முழுச்சட்டக் கமராவின் சென்சர் 36க்கு 24 மில்லிமீட்டர், மூலைவிட்டம் 43. விகிதம் போட்டால் அவருடைய 762, நமது கமராவில் 68 ஆகிறது. அந்தக் குவியத்தூரத்தில் ஒரு முகம் அரைவாசி அளவில் தகட்டில் விழ வேண்டுமானால் லென்ஸ் முகத்திலிருந்து 2.3 மீட்டரில் இருக்க வேண்டும். ஒரு லயக் காம்பராவின் அகலத்துக்குள் எடுக்கிற தூரம். எக்ஸ்போஷரும் சில நிமிடங்கள். எதிரே உள்ளவர் உட்கார்ந்து ஒத்துழைக்காமல் அப்படி ஒரு படமே கிடையாது.

கிட்ட நின்றதால் எல்லாம் சரியாகிவிடவில்லை. தோட்டத்துச் சொந்தக்காரரின் மனைவி உட்காரச் சொன்னால், தோட்டத்துத் தொழிலாளி முடியாது என்று எழுந்துபோகும் காலம் இல்லை அது. அவர் இங்கே படமெடுத்த மனிதர்கள் பெரும்பாலோரின் பெயர் எழுதப்படவில்லை. இங்கிலாந்தில் அவர் எடுத்தவர்களின் பெயர்கள் அவ்வளவு துல்லியமாக இருக்கும்போது இது எனக்குப் பெரிய இழப்பாகவே படுகிறது. டிக்கோயாவில் இன்றும் வாழும் ஒரு குடும்பத்தின் கொள்ளுப்பாட்டி அந்தப் படங்களில் இருக்கலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை.

கொலோடியனில் இன்னொரு குறையும் இருந்தது. அது நீலத்துக்கும் புற ஊதாவுக்கும் மட்டுமே உணர்ச்சி உள்ளது. பச்சையும் சிவப்பும் அதற்கு ஏறக்குறைய இருட்டு. அந்தக் கால மலைப் படங்களில் காடு கரியாகவும் வானம் வெறுமையாகவும் தூரமலை வெளிறியும் இருப்பதற்குக் காரணம் இதுதான்: தூரத்து நீலத்திரையை மட்டும் அது மிகைப்படுத்திப் பிடித்தது. மாநிறத் தோல் நீலத்தைக் குறைவாகவும் சிவப்பை அதிகமாகவும் திருப்பி அனுப்பும். ஆகவே நம் மனிதர்களின் முகம் அந்தப் படங்களில் உள்ளதைவிடக் கறுத்து, கண்ணும் பல்லும் மட்டும் துருத்திக்கொண்டு விழுந்தது. அப்படங்களைப் பார்த்து ‘எங்கள் ஆட்கள் இப்படியா இருந்தார்கள்’ என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இந்த வேதியியலைச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

இன்றைய கமராவில் நிறக்குருடு இல்லை, ஆனால் ஒளிமானி இருக்கிறது. பார்க்கும் காட்சி சராசரியில் பாதிச் சாம்பல்தான் என்ற நம்பிக்கையில் அது அளக்கும். பின்னால் வெள்ளைப் பனி இருந்தால் அதைச் சாம்பலாக்கப் பார்க்கும். முன்னால் நிற்கும் முகம் கறுத்துவிடும். ஒன்று முதல் ஒன்றரை ஸ்டொப் வரை கூட்டி வையுங்கள். பனி வெள்ளையாகட்டும், முகம் தெரியட்டும்.

வீட்டுக்குள் வருவோம், ஏனென்றால் பயணத்தின் முக்கியமான படங்கள் அங்கேதான் எடுக்கப்படும். மூன்று மீட்டர் தள்ளி நின்றால் 50 மில்லிமீட்டர் லென்ஸில் இரண்டு மீட்டர் சொச்ச அகலம் விழும். மூன்று பேரை உட்காரவைக்கலாம். 35இல் மூன்று மீட்டர்; குடும்பமே அடங்கும். 24இல் நாலரை மீட்டர் விழும் என்றாலும் ஓரத்தில் இருப்பவரின் முகம் பக்கவாட்டில் இழுபடும், ஓரத்தில் உட்காருவது பெரும்பாலும் வயதானவர்கள். 35தான் என் தேர்வு. துவாரம் எஃப் 1.8 அல்லது 2.

துவாரத்தில் ஏன் இவ்வளவு பிடிவாதம்? ஒற்றை பல்ப் எரியும் காம்பராவில் சுமார் 40 லக்ஸ் வெளிச்சம் என்று கொள்வோம். ஐஎஸ்ஓ 3200இல் எஃப் 4 லென்ஸுக்கு வினாடியில் முப்பதில் ஒரு பங்கு வேண்டும். ஓடியாடும் பிள்ளை கலங்கிவிடும். எஃப் 1.8இல் அதுவே நூற்றைம்பதில் ஒரு பங்கு. பிள்ளை நிற்கும். குறுகிய குவியத்தூரத்தில் இந்த அகலமான துவாரம் மலிவாகக் கிடைக்கிறது: 35ஐ 1.8ஆல் வகுத்தால் துவாரத்தின் குறுக்களவு 19 மில்லிமீட்டர்தான். 200ஐ 2.8ஆல் வகுத்தால் 71. அதே 200 எஃப் 4இல் 50. கண்ணாடியின் பரப்பு இரட்டிக்கும்போது கனமும் சேர்ந்து கூடுவதால், எஃப் 2.8 தூர ஸூம் ஒன்றரைக் கிலோவை எட்டும் இடத்தில் எஃப் 4 அதன் பாதியில் நிற்கிறது. கைப்பொதிக்குப் பல விமானங்கள் ஏழு கிலோதான் விடுகின்றன. லிதியம் மின்கலங்களும் பவர் பேங்கும் அந்தக் கைப்பொதிக்குள்தான் வர வேண்டும்.

தேயிலைத் தொழிற்சாலையைப் பார்க்க விரும்பாதவர் இல்லை. அனுமதி வாங்கியதும் வாசலிலேயே லென்ஸை மாட்டிவிடுங்கள், உள்ளே மாற்றாதீர்கள். அரைத்துக் காயவைத்த இலையிலிருந்து நாரையும் தும்பையும் பிரிக்க, உராய்வால் மின்னேற்றம் பெற்ற பிளாஸ்டிக் உருளைகளைச் சுழலவிடுகிறார்கள். இலேசான தும்பு தாவி உருளையில் ஒட்டிக்கொள்ளும். அதே நிலைமின் கவர்ச்சி உங்கள் சென்சரின் கண்ணாடிக்கும் உண்டு. தூள் பிரிக்கும் அறையில் கமராவைத் திறந்தால் அடுத்த எல்லாப் படத்தின் வானத்திலும் புள்ளி விழும்.

உள்ளே எரியும் விளக்கில் இன்னொரு சிக்கல். இலங்கையில் மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று. மலிவான எல்இடியும் குழல்விளக்கும் வினாடிக்கு 100 தடவை மங்கிப் பிரகாசிக்கும். ஷட்டரை ஐம்பதில் ஒன்று அல்லது நூறில் ஒன்றில் வைத்தால் ஒவ்வொரு படத்துக்கும் முழுத் துடிப்பு கிடைத்து வெளிச்சம் சமமாக இருக்கும். 60 சுற்று மின்சாரமுள்ள கனடாவின் பழக்கத்தில் அறுபதில் ஒன்று வைத்தால் குறுக்கே கோடுகள் ஓடலாம். சத்தமில்லாத எலெக்ட்ரோனிக் ஷட்டரில் இது இன்னும் மோசம், தொழிற்சாலைக்குள் அதை அணைத்துவிடுங்கள்.

ஈரத்தைப் பற்றி எல்லோரும் தலைகீழாகப் பயப்படுகிறார்கள். கொழும்பு வெக்கையிலிருந்து நுவரெலியாக் குளிருக்கு ஏறும்போது கமராவுக்கு ஒன்றும் ஆகாது; சூடான பொருளின்மேல் ஈரம் படியாது. ஆபத்து எதிர்த்திசையில். கொழும்புக் காற்றின் பனிநிலை ஏறக்குறைய 24 பாகை; அதைவிடக் குளிர்ந்த எதன்மேலும் அந்தக் காற்று தண்ணீர் விடும். ஏசி வானிலிருந்து இறங்கியதும் லென்ஸ் மங்குவது இதனால். மலையிலேயே இதற்குச் சின்ன வடிவம் உண்டு: பன்னிரண்டு பாகையில் விடியலைப் படமெடுத்துவிட்டு, அடுப்பில் கேத்தல் கொதிக்கும் குசினிக்குள் நேரே போவது. தொழிற்சாலையில் இலை புளிக்கவைக்கும் அறையும் அப்படித்தான், வேண்டுமென்றே ஈரமேற்றி வைத்திருப்பார்கள். வெளியே இருக்கும்போதே கமராவைப் பொலித்தீன் பைக்குள் போட்டு, காற்றைப் பிதுக்கி இறுகக் கட்டி, பிறகு உள்ளே கொண்டுபோங்கள். ஈரம் பையின் வெளிப்புறத்தில் படியும். கமரா சூடேறிய பிறகு திறக்கலாம்.

சில கிழமைகள் தங்குபவருக்குப் பூஞ்சணம்தான் பெரிய எதிரி. அதன் வித்துகள் எங்கும் மிதக்கின்றன, ஒப்பீட்டு ஈரப்பதம் எழுபது சதவீதத்தைத் தாண்டி நின்றால் லென்ஸுக்குள் முளைக்கும்; அது விடும் அமிலம் கண்ணாடியின் பூச்சை அரித்துவிட்டால் துடைத்தாலும் போகாது. இறுக மூடும் பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு இரவில் வைப்பது போதும். தோல் உறைக்குள் மட்டும் வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

பாரமில்லாத ஒன்றைக் கட்டாயம் கொண்டுவரச் சொல்வேன்: போலரைஸர் கண்ணாடி. தேயிலை இலையின் மேற்பரப்பு மெழுகு படிந்தது. வானத்தின் வெள்ளையைத் திருப்பி அனுப்பி இலையின் பச்சையை மறைக்கும். அப்படித் திரும்பும் ஒளி ஐம்பத்தைந்து பாகைக் கோணத்தை ஒட்டி ஏறக்குறைய முழுவதுமாக ஒரே தளத்தில் அதிரும். கண்ணாடியைச் சுழற்றி அதை நிறுத்திவிட்டால் கொழுந்தின் இளம்பச்சையும் முற்றிய இலையின் கரும்பச்சையும் தனித்தனியாகத் தெரியும். மேகமூட்டமான நாளிலும் இது வேலை செய்யும். ஒரு ஸ்டொப்புக்கு மேல் வெளிச்சம் குறைவதால் வீட்டுக்குள் கழற்றிவிடுங்கள்.

ஆக, ஒரு கமரா, 35 மில்லிமீட்டர் ஒன்று, மனமிருந்தால் முகங்களுக்கு 85 ஒன்று. கமரா எது என்பதில் நான் அதிகம் கவலைப்படுவதில்லை. சின்னச் சென்சர் கமரா வைத்திருப்பவர் அதற்கு ஈடான குவியத்தூரத்தைப் பார்த்துக்கொள்ளட்டும்: முழுச்சட்டத்தின் 35க்கு ஏபிஎஸ்-சி சென்சரில் 23 அல்லது 24. மெகாபிக்சலுக்காகப் புதிது வாங்க வேண்டியதில்லை. ஆறுக்கு நான்கு அங்குலப் பிரதிக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி என்று கணக்குப் போட்டால், 22 லட்சம் புள்ளிகள்கூடத் தேவைப்படாது. சுவரில் சட்டம் போட்டு மாட்டும் பதினெட்டுக்குப் பன்னிரண்டு அங்குலப் படத்துக்கே இரண்டு கோடிக்குள் அடங்கிவிடும். பத்து வருடப் பழைய 24 மெகாபிக்சல் கமரா தாராளம். புதிது வாங்காமல் மிஞ்சும் பணத்தில் ஹட்டன் ஸ்டூடியோ ஒன்றில் பிரதிகள் போட்டு, பின்புறம் படத்தில் உள்ளவர்களின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் திகதியையும் பென்சிலால் எழுதி, ஊர் திரும்புமுன் அவர்கள் வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள்.